பல்லாவரம் வருவதற்குள்

இன்று காலை தாம்பரம் ஸ்டேஷன் படியில் சீசன் டிக்கெட்டைத் தேடிக் கைப்பையைத் துழாவியபோது ஓம டப்பா திறந்துகொண்டது. பை முழுக்க ஓமம். சீப்பின் பல்லில், கண்ணாடிக் கூட்டில், ஆபீஸ் அடையாள அட்டையின் உறைக்குள். அந்தக் கார வாசனை மூக்கில் ஏறியதும் நான் அழுதிருக்க வேண்டும். அழவில்லை. நடைமேடை ஓரமாக நின்று ஒவ்வொரு பொருளாக எடுத்து உதறினேன். அதற்குள் நம் எட்டேகால் வண்டி போய்விட்டது. அடுத்த வண்டியில் ஏறி உட்கார்ந்தபோதுதான், உனக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்று தோன்றியது. ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். மேஜை மேல் டிபன் பாக்ஸ் திறக்காமல் இருக்கிறது.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால் அது வேறு யாருடைய கன்னம் மாதிரியோ இருக்குமே, எனக்கு உடம்பு முழுக்க அப்படித்தான் இருக்கிறது. சமைக்கிறேன், வருகிறேன், ஃபைல் பார்க்கிறேன், போகிறேன். யாரும் எதுவும் குறை சொல்லும்படி இல்லை.

உன்னை முதலில் பார்த்த அன்று எனக்கு உன்னைப் பிடிக்கவில்லை. லேடீஸ் கம்பார்ட்மெண்டில் கணக்கு டீச்சருக்காக நான் கர்சீப் போட்டு வைத்திருந்த சீட்டில், அந்தக் கர்சீப்பை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு நீ உட்கார்ந்தாய்.

"இது ஆள் வர்ற சீட்டும்மா" என்றேன்.

"கர்சீப் போட்டா சீட்டு ஒங்களுதா ஆன்ட்டி? ரயில்வேல எழுதிக் குடுத்துட்டாங்களா?"

ஆன்ட்டி என்றதற்குத்தான் எனக்குக் கோபம் அதிகம். முறைத்திருப்பேன் போலிருக்கிறது. நீ கொஞ்சமும் அசரவில்லை. "ஆன்ட்டின்னா மொறைக்கிறீங்க. அம்மான்னா எங்கம்மா கோச்சிக்கும். அக்கான்னே வெச்சிக்கலாமா?" என்றாய். உனக்கு இருபத்து நான்கு வயது, எனக்கு ஐம்பத்தொன்று. உன் அம்மாவை விட நான் பெரியவள். ஆனாலும் அக்கா என்பது நன்றாகத்தான் இருந்தது. டீச்சர் வந்ததும் எழுந்து இடம் கொடுத்துவிட்டு, என் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். எழும்பூரில் இருவரும் ஒன்றாக இறங்கினோம். என் ஆபீஸுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷன் வேலைக்குச் சேர்ந்திருந்தாய். வீடும் தூரமில்லை. எனக்கு சேலையூரில் காலனிக்குள், உனக்கு ஏரிக்குப் பின்னால். இருபது வருஷமாக ஒரே பஸ் ஸ்டாப்பில் நின்றிருக்கிறோம், பார்த்ததில்லை.

நம் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. பிறந்த நாள் யாருக்கோ அவர் வடையோ கேசரியோ கொண்டுவர வேண்டும். கூடவே, அந்த ஒரு வருஷத்தில் கற்றுக்கொண்டது என்ன என்று ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். கணக்கு டீச்சர் ஆரம்பித்து வைத்தது. வண்டி தாம்பரத்தில் கிளம்பியதும் ஆரம்பித்து, பல்லாவரம் வருவதற்குள் முடித்துவிட வேண்டும். பல்லாவரத்தில் ஏறும் கூட்டத்துக்குப் பிறகு பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. கீழ்க்கட்டளையிலிருந்து வந்து பல்லாவரத்தில் ஏறுகிற தையல் கடை அக்கா, "நான் ஏர்றதுக்குள்ள ஒலகத்துல கீற புத்தியெல்லாம் நீங்களே பங்கு போட்டுக்கிறீங்க" என்று இன்றைக்கும் புலம்புகிறாள்.

பத்தொன்பது வயதுக் கல்லூரிப் பெண், அழ வேண்டுமென்றால் குளிக்கும்போது அழ வேண்டும், கண் சிவந்தது ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள் என்றாள். டீச்சர் ஐம்பத்தொன்பதில், மருமகள் குழம்பில் உப்பு கூடினால் ஒன்றும் சொல்லாமல் மோர் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார். நான் என் முறை வந்தபோது, தொண்டையைச் செருமிக்கொண்டு, பொறுத்தார் பூமி ஆள்வார் என்று சொன்னேன். அதற்கு நீ, "பூமிய ஆண்டு இன்னாக்கா பண்ணப் போறீங்க, ஜன்னல் சீட்டுக்கே டெய்லி சண்டை போட்றீங்க" என்றாய். டீச்சருக்குப் புரையேறிவிட்டது.

உன் முதல் முறை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உளுந்து வடை. உங்கள் அம்மா சுட்டது. வடையைக் கொடுத்துக்கொண்டே சொன்னாய். "எங்க சென்டருக்கு வர்றவங்க எல்லாம் பயந்துகினுதான் வருவாங்க. மொதல்ல நான் பயப்படாதீங்க, பயப்படாதீங்கன்னு சொல்லிகினு இருந்தேன். அப்படி சொன்னா இன்னும் பயப்பட்றாங்க. இப்ப, தண்ணி குடிச்சீங்களா, கூட யாரு வந்துகீறாங்கன்னு மட்டும் கேக்கறேன். அவங்களே ஒக்காந்துட்றாங்க." அவ்வளவுதான். அதில் புத்திமதி என்று ஒன்றும் இல்லை என்றுதான் அன்று நினைத்தேன். சின்னப் பெண், வேலைக் கதை சொல்கிறது என்று வடையைச் சாப்பிட்டேன்.

என் மகன் விஷயத்திலும் நீதான் வழி சொன்னாய். அவன் புனேவுக்குப் போன பிறகு தினமும் போன் பண்ணுவேன், ஒரு நிமிஷத்தில் வைத்துவிடுவான். அதை நினைத்து ஒருநாள் மீனம்பாக்கம் வரை மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்தேன். நீ கேட்டாய். "போன்ல மொதல்ல இன்னா கேப்பீங்க?" சாப்பிட்டியா என்று கேட்பேன் என்றேன். "சாப்ட்டேன்னு சொல்லி வெச்சிடுவான். அதுக்கு மேல அவன் இன்னா பேசுவான்? இன்னா சாப்ட்டேன்னு கேளுங்க. நல்லா இருந்துச்சா, யாரு கூட போனேன்னு வரும்." அன்று இரவு கேட்டேன். உருளைக்கிழங்கை உள்ளே வைத்த ரொட்டி என்றான். பிறகு அந்தக் கடைக்காரர், பிறகு அறையில் கூட இருக்கும் பையன், பிறகு அந்தப் பையனின் கல்யாணம். இருபது நிமிஷம். ஐம்பது வயதுக்கு மேல் எனக்கு யாரோ பேசக் கற்றுக்கொடுத்தது போல இருந்தது. மறுநாள் உன்னிடம் சொன்னேனா? சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். பெரியவள் என்ற கெத்து விடுமா.

ஏனென்றால் அந்தக் கம்பார்ட்மெண்டில் வைத்தியமும் புத்தியும் சொல்கிற உரிமை என்னுடையது என்று நான் நினைத்திருந்தேன். யார் எதைச் சொன்னாலும், "எனக்கும் அப்படித்தான் இருந்தது" என்று ஆரம்பிப்பேன். முட்டி வலியா, எனக்கும் இருந்தது. மாமியார் தொல்லையா, எனக்கும் இருந்தது. எல்லாம் எனக்கு வந்து, எல்லாம் போய், நான் பிழைத்து உட்கார்ந்திருக்கிறேன் இல்லையா? அதுதான் என் அத்தாட்சி. நல்ல மனதோடுதான் சொன்னேன். அதில் சந்தேகம் இல்லை. நல்ல மனதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் இப்போது தெரியவில்லை.

போன வருஷம் வெயில் ஆரம்பித்த சமயம். நீ வழக்கத்துக்கு மாறாகப் பேசாமல் ஜன்னலில் சாய்ந்திருந்தாய். என்ன என்றேன். அடிவயிற்றில் வலி, ஒரு மாதமாக இருக்கிறது, சாப்பிட்டால் உப்பிக்கொள்கிறது என்றாய். வேறு ஏதோ சொன்னாய். அது எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை, அல்லது நான் விடவில்லை. "எனக்கும் உன் வயசுல அப்படித்தான் இருந்தது. காலைல வெறும் வயித்துல ஓடற பொண்ணுங்க எல்லாருக்கும் வர்றதுதான். வாயு. தன்னால போயிடும்" என்று கைப்பையைத் திறந்து டப்பாவை எடுத்து, உன் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை ஓமம் வைத்து, கல்லுப்பும் இரண்டு சேர்த்து, மென்று வெந்நீர் குடிக்கச் சொன்னேன். நீ மென்றாய். முகம் சுளித்தாய். "ஒரைக்குதுக்கா" என்றாய். "ஒரைச்சாதான் மருந்து" என்றேன். அடுத்தடுத்த வாரங்களில் நீயே கையை நீட்டுவாய், நானும் கொடுப்பேன். வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேனா? கேட்டிருக்க மாட்டேன். பதில் எனக்குத்தான் முன்பே தெரியுமே.

மூன்று மாதம் கழித்து, வேலை நேரத்திலேயே தாங்க முடியாமல் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாயாம். உன் சென்டரிலேயே உன்னைப் படுக்க வைத்துப் பார்த்தார்கள். சாயங்காலம் எனக்குப் போன் பண்ணினாய். "ஒண்ணும் இல்லன்னு இல்லக்கா" என்றாய். எனக்குப் புரியவில்லை. "கட்டி கீதாம். பெருசாதான் கீதாம்." அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில், கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாமே என்று டாக்டர் சொன்னதையும் நீயேதான் சொன்னாய், இன்றைக்கு வண்டி லேட் என்பது போல. ஓமத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரிக்கு இரண்டு முறைதான் வந்தேன். சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்து, கட்டில் ஓரத்தில் நின்று, ரயிலில் யார் யாரோடு பேசுவதில்லை என்று கதை சொன்னேன். நீ சிரித்தாய். தலையில் துண்டு கட்டியிருந்தாய். உன் இருபத்தெட்டாவது பிறந்த நாள் அங்கேதான் வந்தது. கல்லூரிப் பெண் ஞாபகம் வைத்திருந்து, வண்டி கிளம்பியதும் உனக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். நீ பேச ஆரம்பித்தாய். அன்று பக்கத்துத் தண்டவாளத்தில் எக்ஸ்பிரஸ் ஒன்று கூடவே ஓடிக்கொண்டிருந்தது. கேக்கல, சத்தமா சொல்லு என்று நாங்கள் கத்திக்கொண்டே இருந்தோம். பல்லாவரம் வந்துவிட்டது. என்ன சொன்னாய் என்று மறுநாள் கேட்டேன். "பெருசா ஒண்ணும் இல்லக்கா, உடுங்க" என்றாய். நீ களைத்திருந்தாய், நான் வற்புறுத்தவில்லை. அடுத்த மாதம் நீ இல்லை.

கல்லறைத் தோட்டத்தில் நான் பின்வரிசையில் நின்றேன். எல்லாம் முடிந்து கிளம்பும்போது உன் அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அக்கா அக்கான்னு ஒங்க பேச்சாவேதான் இருப்பா" என்றார். அந்தக் கைப்பிடிக்குள் என் கை குற்றவாளியின் கையாக இருந்தது. அன்று முதல் எனக்கு ஒன்றே ஒன்றுதான். உன் அம்மாவிடம் போய், உங்கள் மகளை டாக்டரிடம் போகவிடாமல் ஓமம் கொடுத்து உட்கார வைத்தவள் நான்தான் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அவர் என்னை வீட்டை விட்டு வெளியே போகச் சொல்லலாம். உன்னைப் பற்றிப் பேச மீதமிருக்கும் ஒரு வீடும் எனக்கு இல்லாமல் போகும். சொல்லாவிட்டால், அவர் நன்றியோடு பிடித்த கையோடு நான் காலம் தள்ள வேண்டும். ஏழு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் புடவை மாற்றுவேன், பிறகு திரும்ப நைட்டிக்கு மாறிவிடுவேன். என் வீட்டுக்காரர், "எங்கேயாவது கிளம்பறியா?" என்று கேட்பதைக்கூட விட்டுவிட்டார்.

போன ஞாயிறு போனேன். கேம்ப் ரோட்டைத் தாண்டி ஏரிப் பக்கம் திரும்பும்போது கால் தானாக நடந்தது. உன் அம்மா அப்போதுதான் சர்ச் முடிந்து வந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் ஆயா வேலைக்குக் கட்டுகிற நீலப் புடவை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. உன் படத்துக்கு மாலை போடாமல் ஒரு சின்ன சீரியல் விளக்கு மட்டும் சுற்றியிருந்தார்கள். நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"டீ போட்றேன் மேடம்."

"வேணாம்மா. உக்காருங்க. ஒண்ணு சொல்லணும்" என்றேன். உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன், நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க மாட்டேன் என்று தெரியும். வயிறு வலிக்கிறது என்று உங்கள் மகள் முதலில் என்னிடம்தான் சொன்னாள். வாயு, போய்விடும் என்றேன். மூன்று மாதம் ஓமம் கொடுத்தேன். நான் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் போய்ப் பார்த்திருப்பாள்.

உன் அம்மா என்னை முறைக்கவில்லை. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒங்க கிட்ட மொதல்ல சொல்லல மேடம். என் கிட்டதான் சொன்னா. நானும் அதேதான் சொன்னேன், வாயு, போயிடும்னு."

நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

"அப்போ பொண்ணு பாக்க வர்றோம்னு திருமுடிவாக்கத்துல ஒரு எடம் சொல்லிகினு இருந்தாங்க. பையன் கம்பெனில வேலை. நல்ல எடம். இவ வந்து, எங்க சென்டர்லயே ஒருவாட்டி பாத்துடட்டுமான்னா. கல்யாணம் ஆவாத பொண்ணு வயித்துக்கு ஸ்கேன் எடுத்தான்னு தெரிஞ்சா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்கடி, கொஞ்சம் பொறுன்னேன். அவ கேக்கல. பேஜார் பண்ணிகினே இருந்தா. கடைசில, அந்த அக்கா படிச்சவங்க, கவர்மெண்ட்ல கீறாங்க, அவங்கள கேக்கறேன், அவங்க பாருன்னா பாத்துடுவேன், நீ ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னா. சரி, அவங்க சொன்னா பாருன்னு நானும் உட்டுட்டேன்."

அவர் கொஞ்ச நேரம் உன் படத்தைப் பார்த்தார்.

"சாய்ங்காலம் வந்து, அக்காவும் ஒண்ணும் இல்லன்னுட்டாங்கம்மான்னா. அப்பாடான்னு இருந்துச்சி எனக்கு."

சொல்லிவிட்டு எழுந்துபோய் டீ போட்டார். என்னைத் திட்டியிருந்தால் அழுதிருப்பேன் என்று நினைக்கிறேன். அவர் டீயில் சர்க்கரை போதுமா என்று கேட்டார். போதும் என்றேன். இருவரும் குடித்தோம். "ஒங்கள சொல்லி இன்னா மேடம் பண்றது, பெத்தவ நானே அப்படித்தானே சொன்னேன்" என்று டம்ளரை வாங்கிக்கொண்டார். மன்னிப்பு என்றால் இதுதான் போலிருக்கிறது. எனக்கு அது எங்கும் படவில்லை. வாசல் வரை வந்து, அடுத்த ஞாயிறும் வாங்க என்றார். போவேன்.

திரும்பி வரும்போது பஸ் ஏறாமல் நடந்தேன். பாதி வழியில், மருந்துக் கடை முன்னால் நின்றபோது, அன்று நீ சொன்ன அந்த வேறு ஏதோ என்ன என்பது எனக்கு அப்படியே திரும்ப வந்தது. காதில் விழாமல் இல்லை. விழுந்திருந்தது. இத்தனை நாளும், நீ வலிக்கிறது என்று என்னிடம் வந்து சொன்னதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். நீ கேட்டாய். "ஒருவாட்டி பாத்துடட்டாக்கா?" என்று கேட்டாய். கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாய். அம்மா சொன்ன பதில் உன்னிடம் ஏற்கெனவே இருந்தது. அதையே இன்னொரு தரம் கேட்க நீ என்னிடம் வரவில்லை.

இப்போதெல்லாம் ரயிலில் யாராவது தலைவலி, முட்டி வலி என்று ஆரம்பித்தால், நான் கதை சொல்வதில்லை. "போய்ப் பாரு" என்கிறேன். டீச்சர் ரிடையர் ஆன பிறகு அவர் சீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கும் பெண், இந்த அக்கா ஏன் இப்படி வெட்டிப் பேசுகிறார்கள் என்று கேட்டாளாம். தையல் கடை அக்கா விரலில் சின்னதாக ஊசி குத்தியதற்குக்கூடச் சொன்னேன், சிரித்தார்கள். கேட்டவர்களுக்குச் சொல்கிறேன், கேட்காதவர்களுக்கும் சொல்கிறேன். முந்தாநாள் போனில் என் மகன் லேசாக இருமினான், அவனுக்கும் சொன்னேன். பாரு. இரண்டே எழுத்து. உனக்கு மட்டும்தான் சொல்லவில்லை.